எழுத்துக்கு ஐந்து ரூபாய். கொம்பும் காலும் தனிக் கணக்கு

மூன்றாவது பேத்தியின் ஞானஸ்நானத்துக்காக ஒரு பித்தளை மைச்சிமிழ் வாங்கி, அதில் அவள் பெயரை வெட்டி வாங்கினேன். கடை, மதுரை கீழ ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு ஆள் அகலம்தான். வாசலில் அண்டாக்களைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு பாத்திரத்துக்கு எங்கே போவது என்று திகைத்து நின்ற என் வயதுக்காரர்கள், கவிழ்த்த அண்டாக்களை அடையாளம் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் பொருளைப் பற்றி. சிமிழ் மாங்காய் வடிவம், உள்ளங்கையில் அடங்கும் அளவு, மூடி மரை போட்டது. விலை 420 ரூபாய். தகட்டில் அடித்ததும் வைத்திருக்கிறார்கள், அது 180 ரூபாய், வாங்காதீர்கள். நகத்தால் சுண்டினால் தகடு தகர டப்பா போல ஒலிக்கும், வார்ப்பு மணி போல ஒலிக்கும். கடைக்காரத் தம்பி இரண்டையும் சுண்டிக் காட்டியே விற்றார். அந்த நேர்மைக்காகவே அங்கே மறுபடியும் போகலாம். மரை மட்டும் மிகவும் இறுக்கம். வீட்டில் மூடியைத் திறக்க மருமகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. இதைப் பிறகு சொன்னபோது, "குழந்தை கையில் திறக்காமல் இருப்பது நல்லதுதானே அம்மா" என்று தம்பி சமாளித்தார்.

இனிப் பெயர். பேத்தியின் பெயர் கேரேனாப்புக்.

படித்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதுவே தோன்றியது. என் மகளுக்கு மூத்தவள் எமீமாள், அடுத்தவள் கெத்சீயாள். மூன்றாவதும் பெண் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று, பசுமலையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழியை என் நாத்தனார் சொல்லியே விட்டாள். "இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, அதற்குள் ஏன் பதறுகிறாய்" என்று நான் கேட்டதில் அவள் காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனாள். மருமகன் மட்டும் உற்சாகமாக இருந்தார். யோபுவின் மூன்று பெண்களும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டார்களாம், மூன்றாவது பெயரை விட முடியாதாம். வேதாகமத்தில் எத்தனையோ நல்ல பெயர்கள் இருக்க, வாயில் நுழையாத இதுதானா என்று இரண்டு வாரம் சண்டை போட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவளை "புக்" என்றுதான் கூப்பிடும், இல்லையென்றால் அதைவிட மோசமாக நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும் என்றேன். அவர் அசையவில்லை.

யோபுவின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எல்லாவற்றையும் இழந்த மனிதனுக்குக் கடைசி அதிகாரத்தில் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்புகிறது. 7,000 ஆடு 14,000 ஆகிறது, 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரண்டு மடங்காகவில்லை. முன்பு போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். அந்த ஏழு மகன்களில் ஒருவனுக்கும் அங்கே பெயர் சொல்லப்படவில்லை. மூன்று பெண்களுக்கும் பெயர் இருக்கிறது. அதற்கு அடுத்த வசனத்தில், சகோதரர்களோடு அவர்களுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு கொடுத்தான் என்று வருகிறது. எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள் மோசேயின் முன்னால் போய் நின்று வழக்காடியே பங்கு வாங்கினார்கள். அதுவும் அவர்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் கிடைத்தது. இங்கே ஏழு ஆண் பிள்ளைகள் கண் முன்னால் இருக்க, யாரும் கேட்காமலே கொடுக்கிறான். என் தகப்பனார் வேதம் தெரிந்தவர்தான், தினமும் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் நடத்துவார். உசிலம்பட்டிப் பக்கத்துக் காடு முழுவதும் என் இரண்டு அண்ணன்களுக்குப் போயிற்று. எனக்கு வந்தது பேர் வெட்டிய பாத்திரம். அந்தக் குடத்திலும் தாம்பாளத்திலும் என் பெயரும் கலியாணத் தேதியும் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

ஆகவே பேத்திக்கும் பேர் வெட்டிய பாத்திரம் ஒன்று என் கையால் போகட்டும் என்று நினைத்தேன். எந்தப் பாத்திரம் என்று யோசித்தபோதுதான் பெயருக்குப் பொருள் கேட்டேன். மருமகன் சொன்னார்: கேரேனாப்புக் என்றால் கண்ணுக்கு இடும் மையை வைக்கிற கொம்பு. எபிரெயத்தில் கெரென் என்றால் கொம்பு, பூக் என்றால் மை. அந்தக் காலத்தில் கொம்பைக் குடைந்து அதில் மையைப் போட்டு வைப்பார்கள். நம் பேச்சில் மைச்சிமிழ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நாள் நான் சண்டை போட்ட பெயர், என் பாட்டியின் மாடக்குழியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த பொருளாக இருந்திருக்கிறது. பூக் என்பது கீழ மாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் அஞ்சனக்கல் என்று கேட்டால் எடுத்துத் தருகிற அந்தக் கறுப்புக் கல் வகைதான். கெத்சீயாள் என்பதும் அலமாரியிலேயே இருக்கிறது, லவங்கப்பட்டை! சங்கீதத்தில் ராஜாவின் ஆடை மணக்கிற இடத்தில் வருகிற லவங்கமும் அதே சொல்தான். எமீமாளைப் புறா என்கிறார்கள், பகல் என்று பொருள் கொள்கிறவர்களும் உண்டு. ஒரு புறா, ஒரு பட்டை, ஒரு மைச்சிமிழ். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருந்த மனிதன், சுகமானதும் தன் பெண்களுக்கு வைத்த பெயர்கள் இவை.

கடைக்கு வருகிறேன். பேர் வெட்டுகிறவர் கடைக்குள் இல்லை, வாசல் படியில் ஒரு மரக்கட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எவர்சில்வருக்கு மிஷின் வைத்திருக்கிறார், பித்தளைக்கு உளியும் சிறு சுத்தியலும்தான். மிஷினில் வெட்டினால் எழுத்து சொறிந்த மாதிரி இருக்கும் என்று அவரே சொல்கிறார். என் துண்டுச் சீட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"கே... ரே... னா... கேரளாவில் கட்டிக்கொடுத்த பிள்ளையா அம்மா?"

"இல்லை ஐயா. இங்கேதான், பசுமலை. பிறந்து நான்கு மாதம்."

எழுத்துக்கு ஐந்து ரூபாய் என்றார். ஆறு எழுத்து, முப்பது ரூபாய் என்றேன். அவர் சீட்டின் மேல் விரலை வைத்து எண்ணினார். "கொம்பு ஒன்று, க இரண்டு, இன்னொரு கொம்பு மூன்று, ர நான்கு, ன ஐந்து, கால் ஆறு, ப ஏழு, பு எட்டு, க ஒன்பது. நாற்பத்தைந்து ரூபாய். புள்ளிக்குக் காசு இல்லை."

முப்பத்து நான்கு வருடம் தமிழ்ப் பாடம் நடத்தியவள் நான். உயிர்மெய் ஓரெழுத்து, கொம்புக்கும் காலுக்கும் தனிக் கணக்கு கிடையாது, கே என்பது ஓரெழுத்துதான் என்று படியில் நின்றபடியே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் வாயால் சொல்கிறீர்கள் அம்மா, எனக்கு உளி ஒன்பது தடவை இறங்க வேண்டியிருக்கிறதே" என்றார். நாற்பத்தைந்துக்கே ஒப்புக்கொண்டேன்.

பிறகு அவர் கேட்டதுதான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. "முதல் எழுத்துக்கு ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா?"

இரட்டைக் கொம்பு என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பெயரின் பொருளே கொம்பு, அதன் முதல் எழுத்துக்கும் கொம்பு. எகரக் குறிலும் ஏகார நெடிலும் ஒன்றுக்கொன்று குழம்பாமலிருக்கக் கொம்பை மேலே சுழித்துக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் குறிலுக்குப் புள்ளி வைத்தார்கள். அவரும் 18ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த சாமியார்தான். இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு வீரமாமுனிவர் மேல் அக்கறை இல்லை, மைக்கொம்பின் மேல்தான் இருந்தது. அவர் சொந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். "கொம்பைச் சீவுவார்கள், வர்ணம் அடிப்பார்கள், குத்து வாங்குவார்கள். கொம்புக்குள் மை வைத்தார்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வெட்டி முடிக்க அரை மணி நேரமாகும் என்றதால் காப்பி குடிக்கப் போனேன். அதுதான் நான் செய்த தவறு. பேர் வெட்டும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. ஒரு தகர டப்பாவிலிருந்து விளக்குக் கரியும் எண்ணெயும் கலந்த குழம்பைத் துணியில் தொட்டு, வெட்டிய தடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே வழிந்ததைத் துடைத்ததும் பித்தளையில் எழுத்து கறுப்பாக எழுந்து நின்றது. மைச்சிமிழின் மேலேயே மை. அழகு என்று வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் படித்துவிட்டேன். இரண்டு வரி. மேல் வரியில் "கெரேன்". கீழ் வரியில் "ஆப்புக்".

முதல் கொம்பில் சுழி இல்லை. இரட்டைக் கொம்பு என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். அதைக்கூட மன்னித்துவிடலாம், கீழ் வரியில் ஆப்பு தனியாக உட்கார்ந்திருக்கிறதே! நான்கு மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானத்தன்று பாட்டி கொடுக்கிற பரிசில் ஆப்பு. நாத்தனார் அதை வாசித்துக் காட்டுகிற குரல் எனக்குக் கேட்டது.

பெரியவர் பதறவில்லை. ஒரே வரியில் அடங்கவில்லை, சிமிழ் வளைகிறது, னா என்று அடுத்த வரியைத் தொடங்கினால் பார்க்க நன்றாக இருக்காது, அதனால் பிரித்துவிட்டேன் என்றார். மெய்யின் மேல் ஏறிய உயிரைத் தனியே இறக்கி வைத்திருக்கிறார்; புணர்ச்சி விதி நடத்திய எனக்கு அதில் பிழை சொல்லவும் முடியவில்லை. சுழியை உடனே சேர்த்துக் கொடுத்தார். சேர்த்த தடம் சற்றுத் தடிமனாகத்தான் தெரிகிறது, உற்றுப் பார்த்தால் ஒட்டு புரியும். வரியை மாற்ற வேண்டுமானால் அராவி வழித்துவிட்டு மறுபடியும் வெட்ட வேண்டும், பித்தளை மெலியும் என்றார். கடைக்காரத் தம்பி வேறு சிமிழைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். எனக்குக் கோபம். எதுவும் வேண்டாம் என்று பதினைந்து ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பெரியார் பஸ் நிலையம் வரை நடந்தே வந்தேன். ஒரு வார்த்தை வாதாடாமல் அந்த முப்பதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை போதகர் ஐயா ஞானஸ்நானம் பற்றிப் பேச வீட்டுக்கு வந்தார். அரசரடி இறையியல் கல்லூரியில் எபிரெயம் படித்தவர். சிமிழைக் காட்டிப் புலம்பினேன். அவர் வாங்கிப் பார்த்து, "இதை யார் வெட்டினார்கள், எபிரெயம் தெரிந்தவரா?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். மூலத்தில் அது இரண்டு சொல். கெரென் ஒரு சொல், ஹப்பூக் இன்னொரு சொல். ஹ என்பது "அந்த" என்று சுட்டுகிற முன்னொட்டு. அந்த மையின் கொம்பு. ஹ நம் வேதப்புத்தகத்தில் ஆ ஆகி, முன்சொல்லின் ன் மேல் ஏறிக்கொண்டது. பெரியவர் உடைத்த இடம்தான் எபிரெயத்தில் சொல் முடிகிற இடம். அது மட்டுமில்லை, கெரென் என்பதில் இரண்டு எகரமும் குறில். நான் சண்டை போட்டுச் சேர்த்த சுழிதான் மூலத்திலிருந்து ஒரு படி விலகியது. சுழி இருக்கட்டும், நம் வேதாகமத்தில் இருப்பதுதான் எங்கள் வீட்டுப் பெயர் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

போதகர் ஐயா இன்னும் சிலவற்றைச் சொன்னார். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் இந்தப் பெயரை அமல்தேயாவின் கொம்பு என்று ஆக்கிவிட்டார்களாம். அது அவர்கள் புராணத்தில் வரும் ஆட்டின் கொம்பு, எடுக்க எடுக்கக் குறையாதது. மைச்சிமிழைப் போய் அட்சய பாத்திரமாக்கியிருக்கிறார்கள். லத்தீனில் ஜெரோம் அப்படியெல்லாம் செய்யாமல் மைக்கொம்பு என்றே வைத்தார். எனக்கு ஜெரோம் பக்கம்தான் மனம் போகிறது. கொம்பு என்பது எபிரெயத்தில் பெலனுக்கும் பெயர். அன்னாள் என் கொம்பு உயர்ந்தது என்று பாடுகிறாள். சாமுவேல் தைலக்கொம்பை எடுத்துத்தான் தாவீதை அபிஷேகம் செய்கிறார். "அவளுக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்று எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளைக் கேட்பார்கள், என்னையும் காட்டில் பங்கு கேட்ட அன்று கேட்டார்கள். இந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டால் சிமிழை எடுத்துக் காட்டிவிடலாம்.

வேறொரு சபைக்குப் போகும் என் சித்தி மகள், மை என்றாலே வேதாகமத்தில் வரும் கெட்ட ராணி யேசபேல் என்பாள். பொட்டு, மை, பூ எதுவும் அவர்களுக்கு ஆகாது. யேசபேல் சாகிற அன்று கண்ணுக்கு மையிட்டுக்கொண்டு பலகணி வழியாக எட்டிப் பார்த்தாள் என்பது உண்மைதான், அங்கே வருவதும் இதே பூக்தான். ஆனால் அதே பூக் யோபுவின் பெண்ணுக்குப் பெயராகவும் இருக்கிறது. ஏசாயாவில், பெருங்காற்றில் அடிபட்ட நகரத்தின் கற்களைத் தேவன் மறுபடியும் பதிக்கிறேன் என்கிற இடத்திலும் பூக் இருக்கிறது. தமிழில் அதைப் பிரகாசம் என்று பெயர்த்ததால் நமக்குத் தெரிவதில்லை. சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். பதில் வரவில்லை, ஞானஸ்நானத்துக்கு மட்டும் வந்தாள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை, கடைக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லாதது. கைக்குழந்தையின் கண்ணுக்குள் மை இடாதீர்கள். கடையில் விற்கும் மையில் ஈயம் இருக்கலாம் என்று குழந்தை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, சிரட்டையில் ஊற்றிக் காயவைக்கிற பழைய பொட்டு மைதான் சிமிழுக்குள் போயிருக்கிறது. கன்னத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மறுபடியும் அந்தச் சந்துக்குப் போனேன். குறைத்துக் கொடுத்த பதினைந்து ரூபாயைப் பெரியவரிடம் நீட்டி, அவர் பிரித்த இடம் சரியான இடம்தான் என்பதைச் சொன்னேன். எபிரெயம், அரசரடி எல்லாம் சொல்லி முடிக்கும்வரை உளியை நிறுத்தவில்லை. "பித்தளை வளைகிற இடத்தில் உடைத்தேன் அம்மா, எனக்கு வேறொன்றும் தெரியாது" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்து யாருக்கு என்று கேட்டார்.

மூத்தவள்கள் இரண்டு பேரும் தங்களுக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தார்கள். எமீமாளுக்கு ஒரு தம்ளர், கெத்சீயாளுக்கு ஓர் அஞ்சறைப்பெட்டி. பட்டைக்கு அதுதானே வீடு. ஏழாம் தேதிக்குள் கிடைத்துவிடும் என்றார், பத்தாம் தேதிதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பேர் வெட்டுகிறவர் வருவதில்லை. பகல் ஒன்றரை முதல் நான்கு வரை சாப்பிடப் போய்விடுவார். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள், கொம்பும் காலும் தெளிவாகத் தெரியட்டும். கெத்சீயாளுக்கு அவர் கணக்கில் ஆறு வந்தது. கொம்பு ஒன்று, க, த், சீ, ய, கால். ள் விட்டுப்போயிற்று, நான்தான் எடுத்துச் சொன்னேன், ஏழாக்கிக்கொண்டார்.